பதினொன்றாம் இடத்துக் கப்பல்

வெங்காயத்துக்குக் கப்பல் ஏற அனுமதி உண்டு. உருளைக்கிழங்குக்கு உண்டு, முட்டைக்கு உண்டு, ஐஸ் பெட்டியில் விறைத்துக் கிடக்கும் கோழிக்கும் உண்டு. கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் கிடையாது. இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்வதாக என் மாமனார் நினைக்கிறார். வயிற்றெரிச்சலில்தான் சொல்கிறேன், அதில் என்ன ஒளிவுமறைவு.

எங்கள் கடை ராயபுரத்தில் இருக்கிறது. பலகையில் 'தேவப்பிரியம் அன் சன்' என்று எழுதியிருக்கும். தேவப்பிரியம் என் மாமனார், உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த சன் என் புருஷன் அபின். சன்னுக்குக் கல்லாவில் உட்காரப் பொறுமை இல்லாமல் கப்பலில் மாலுமியாகப் போய்விட்டதால், பெர்சிஸ் ஆகிய நான் உட்கார்ந்திருக்கிறேன். கப்பல்களுக்குக் காய்கறி, மளிகை, இறைச்சி, சோப்பு, துடைப்பம் எல்லாம் சப்ளை செய்வது எங்கள் தொழில். துறைமுகத்துக்குள் கட்டியிருக்கும் கப்பலுக்கு வேனில் போகும். உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலுக்கு லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் போகும்.

கடல் பெரிசு, கப்பல் இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆட்டோ ஸ்டாண்டில்கூட அவ்வளவு கெடுபிடி கிடையாது. எந்தக் கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்று கண்ட்ரோல் ரூம்காரர்கள் ரேடியோவில் சொல்வார்கள். கப்பல்கள் வந்து போகும் பாதையில் நிற்கக் கூடாது. கேபிளும் குழாயும் போகிற இடத்தில் நங்கூரம் போடக் கூடாது. எண்ணெய்க் கப்பலுக்குத் தனி இடம், கேஸ் கப்பலுக்கு இன்னும் தள்ளி. நங்கூரம் போட்ட கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தக்கபடி சுற்றும், முளையில் கட்டின மாடு மாதிரி. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் விட்டு இடம் பிரித்து நம்பர் கொடுத்திருப்பார்கள். இதெல்லாம் துறைமுக எல்லைக்கு உள்ளே. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் லாஞ்ச் போகக் கூடாது, சாமான் ஏற்றக் கூடாது, ஆள் இறங்கக் கூடாது.

தண்ணீரில் யார் கோடு போட்டார்கள் என்று கேட்டால் மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். "சட்டம்னா சட்டம்தாம்மா. நம்ம லைசென்ஸ் அதுலதான் நிக்கி" என்பார். இத்தனை வருஷத் தொழிலில் அவருடைய லாஞ்ச் ஒரு தடவைகூட அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. இதைச் சர்ச்சில் சாட்சி சொல்கிற மாதிரி எல்லோரிடமும் சொல்வார்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டைகளில் கப்பல் பெயரை எழுத மாட்டோம், கப்பல் நிற்கும் இடத்தின் நம்பரைத்தான் எழுதுவோம். கிரீஸ் நாட்டுப் பெயரும் கொரியாப் பெயரும் யார் வாயிலும் நுழையாது. லாஞ்ச் ஓட்டுகிற சின்னப்பையன் அண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, ஆனால் எந்த நம்பர் கடலில் எங்கே இருக்கிறது என்பது மனப்பாடம். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அவர் சின்னப்பையன்தான். தினமும் காலையில் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து அன்றைக்குச் சாமான் போக வேண்டிய கப்பல் எந்த நம்பரில் என்று வாட்ஸப்பில் வரும். அதைப் பார்த்து மூட்டைகளில் நீல மையால் நம்பர் போடுவது என் வேலை.

அபின் இருந்த கப்பலின் பெயர் ஸ்கிரோஸ் டிரேடர். சின்னப்பையன் அண்ணனுக்கு அது 'ஸ்க்ரூ டிரைவரு'. இந்தோனேசியாவிலிருந்து எண்ணூருக்கு நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஐப்பசிக் கடைசியில் வந்தது. எண்ணூரில் இடம் கிடைத்து உள்ளே வந்துவிட்டால் அபின் இறங்கிவிடலாம். அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவருக்குப் பதிலாக ஏற வேண்டிய ஆளின் பெயர்கூட வந்துவிட்டது.

நான் ஐந்து மாதமாக இருந்தபோது கப்பல் ஏறினவர். பாப்பா பிறந்து நாலு மாதம் ஆகிறது. அவளை அவர் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். ஞானஸ்நானத்தை அப்பா வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டோம், அதனால் பெயரும் வைக்கவில்லை. "இன்னும் வெறும் பாப்பாதானா?" என்று போதகர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறார். கப்பல் கம்பெனியிடம் கேளுங்கள் ஐயா என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு இந்தப் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் கண்டெய்னர் லாரிகளின் தலைக்கு மேலே கடல் தெரியும். கப்பல் வந்த அன்று பதினொன்றாம் இடம் கொடுத்தார்கள். பதினொன்று எங்கள் மாடிக்கு நேர் எதிரே. பாப்பாவின் துணியைக் காயப்போட மாடிக்குப் போனவள், கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நீளமான துருப்பிடித்த பெட்டி, பின்பக்கம் வெள்ளையாக ஒரு வீடு. அந்த வீட்டுக்குள் என் புருஷன் இருக்கிறார். கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற தூரம்தான் இருக்கும். ஒரு ஆட்டோ பிடித்தால் போய்விடலாம் போல இருந்தது.

அன்றைக்கே மாமாவின் கடையிலிருந்து பெரிய டார்ச் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் சர்ச் மணி அடித்ததும் மாடியில் நின்று மூன்று முறை அடித்தேன். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடலின் இருட்டிலிருந்து ஒரு வெளிச்சம், மூன்று முறை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாப்பாவைக் கட்டிக்கொண்டு கோவென்று அழுதேன். ஒன்பது மாதமாகப் போனில் பேசுகிறோம், வீடியோவில் பார்க்கிறோம், அதிலெல்லாம் வராத அழுகை அந்த மூன்று வெளிச்சத்தில் வந்தது.

அதிலிருந்து தினமும் இதே கதைதான். கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டுகிற ஆப் ஒன்று போனில் இருக்கிறது. அதில் அம்புக்குறிகள் ஒன்றின்மேல் ஒன்றாக எறும்பு மொய்த்த மாதிரி கிடக்கும். கண்ணுக்கு எதிரே கப்பல் நிற்கும்போது அந்தக் கண்றாவி எதற்கு என்று திறப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் போனில் அபின் கேட்டார்: "பெர்சி, அவ மேல என்ன வாசனை வரும்?"

"யார் மேல?"

"பாப்பா மேல. போட்டோல எல்லாம் தெரியுது. வாசனை தெரிய மாட்டேங்குது."

நான் வாயாடி. எதற்கும் பதில் வைத்திருப்பேன். அன்றைக்கு மட்டும் பால் வாசனை, பவுடர் வாசனை என்று என்னவோ உளறினேன். "அவ போட்ட துணி ஒண்ணு கெடைச்சா போதும். தொவைக்காதது" என்றார். கஸ்டம்ஸ் விடாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உண்மையிலேயே விடாது. லாஞ்சில் போகிற ஒவ்வொரு பொருளும் லிஸ்டில் இருக்க வேண்டும். லிஸ்டில் குழந்தையின் ஜப்லாவுக்கு இடமில்லை.

அடுத்த இரண்டொரு நாளில் கடலிலிருந்து மூன்றுக்குப் பதில் நாலு வெளிச்சம் வந்தது. அன்றைக்குப் போனில் கேட்டேன்: "என்னங்க, இன்னைக்கு நாலு தடவ அடிச்சீங்க?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"ஒண்ணு உனக்குக் கூடுதல்" என்றார்.

நான் உருகிப்போனேன். அந்தக் கூடுதல் ஒன்றை நினைத்து நினைத்து கடையில் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சோப்பு வாங்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அபின் கப்பலிலிருந்து காய்கறிக்கு ஆர்டர் வந்திருந்தது. அனுப்ப வேண்டிய நாளன்று காலையில் பாப்பா இரண்டு நாளாகப் போட்டிருந்த மஞ்சள் ஜப்லாவைக் கழற்றி, முகர்ந்து பார்த்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிந்து, கறிவேப்பிலை மூட்டைக்கு நடுவில் செருகினேன். அவரிடம் சொல்லவில்லை. மூட்டை மேலே போன பிறகு சொல்லலாம், கறிவேப்பிலைக்குள் கையை விடும்போது அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டே நீல மையில் பதினொன்று, பதினொன்று என்று எல்லா மூட்டையிலும் போட்டேன்.

"ஏம்மா, காலைல மெசேஜ் பாத்தியா?" என்றார் மாமா.

"என் புருஷன் நிக்கிற இடம் எனக்குத் தெரியாதா மாமா?"

மாமா சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் மெசேஜைத் திறக்கவே இல்லை.

சின்னப்பையன் அண்ணன் போய்ச் சாமானைக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கி வந்துவிட்டார். மத்தியானம் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து மாமாவுக்குப் போன் வந்தது. பேசப் பேச அவர் முகம் வெளுத்தது. ஸ்கிரோஸ் டிரேடருக்கான சாமானை நிறுத்தச் சொல்லிக் காலையிலேயே மெசேஜ் போட்டோமே, யாரைக் கேட்டு அனுப்பினீர்கள், அந்தக் கப்பல் எல்லைக்கு வெளியே போய் நாலு நாளாகிறது என்று அந்தப் பக்கம் கத்தினது எனக்கே கேட்டது. உள்ளே வர நாள் குறிக்காத கப்பல் நல்ல இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாதாம். நாள் கிடைத்த வேறு கப்பலுக்குப் பதினொன்றைக் கொடுத்துவிட்டு, இதைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில் என்று கண்ட்ரோல் ரூம் சொல்லிவிட்டதாம். மாடியிலிருந்து பார்த்தால் எல்லாக் கப்பலும் ஒரே துருப்பிடித்த பெட்டிதான்.

"இன்னாம்மா நீ" என்றார் சின்னப்பையன் அண்ணன். "லெவன்னு எழுதினா லெவன்லதான் குடுப்பேன். அங்க ஒரு கப்பல் நின்னுகினு இருந்திச்சு. அவுங்களும் வேற கடைல காய்கறி சொல்லிட்டு வயி பாத்துகினு கீறாங்க போல. மேலேந்து சாமான் வலைய இறக்குனான், ஏத்துனேன், கையெய்த்து போட்டான், வந்துட்டேன். அது ஸ்க்ரூ டிரைவரு இல்லன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

அவர் மேல் என்ன தப்பு. மாமா என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், அவர் திட்டவும் இல்லை. நான் பின்கட்டுக்குப் போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அபினுக்குப் போன் போட்டேன். அழுகையில் இல்லை, ஆத்திரத்தில்.

"நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"ஏன், என்ன ஆச்சு?" என்றார்.

"நாலு நாளா மாடில நின்னு எந்தக் கப்பலுக்கு டார்ச் அடிச்சுக்கிட்டு இருந்தேன்? சொல்லுங்க. ஒண்ணு உனக்குக் கூடுதல்னு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க."

"பெர்சி, இங்கேருந்து கரையே தெரியல" என்றார். "உச்சி டெக்குல ஏறி நின்னாதான் போனே எடுக்குது. அன்னைக்கு நீ அவ்வளவு சந்தோஷமா, நாலு அடிச்சீங்களேன்னு கேட்ட. இல்லன்னு சொல்ல வாய் வரல."

"யாரோ ஒருத்தன் அடிச்ச வெளிச்சத்துக்கு நான் பாப்பா கையப் பிடிச்சு டாட்டா காட்டினேங்க."

"தெரியும்."

"இனிமே ஒரு பொய் சொன்னீங்க, நல்ல பொய்யோ கெட்ட பொய்யோ, உங்க பேச்சை எதையும் நம்ப மாட்டேன். சத்தியமா நம்ப மாட்டேன்."

"சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, "அப்ப இன்னொண்ணையும் சொல்லிடறேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கரிய வேற ஆளுக்கு வித்துட்டாங்க. எண்ணூர் இல்ல, பங்களாதேஷ்ல சிட்டகாங். நாளன்னைக்குக் காலைல கிளம்புறோம். அங்க ஆள் மாத்த மாட்டாங்க. இன்னும் மூணு மாசம் ஆகும்" என்றார்.

நாலு நாளுக்கு முன்புவரை அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தார். அப்போதே லாஞ்சில் இறக்கியிருக்கலாம். உள்ளே வந்ததும் இறங்கிக்கொள்ளட்டும், லாஞ்ச் எதற்கு என்று கம்பெனி இழுத்தடித்தது. இப்போது கோட்டுக்கு வெளியே. கறிவேப்பிலைக்குள் ஜப்லா வைத்த கதையை அவரிடம் சொன்னேன். "அது இப்ப எங்க?" என்று கேட்டார். எவனோ ஒருத்தன் கப்பலில் என்றேன். தொவைக்காததா என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் அந்தக் கப்பலில் பில்லுக்கு முத்திரை வாங்கப் போன சின்னப்பையன் அண்ணன், திரும்பி வரும்போது ஒரு கவரோடு வந்தார். சுத்தமான கவர். உள்ளே ஒரு சாக்லேட், அதற்குப் பக்கத்தில் பாப்பாவின் மஞ்சள் ஜப்லா.

"அவுங்க சமையக்காரரு குட்த்தாரும்மா. பிலிப்பைன்ஸ்காரரு. தங்கமான மன்சன். கறிவேப்பிலைய ஒதற சொல்லோ இது வுழுந்துச்சாம். யாரு வூட்டுக் கொயந்தை துணியோ, தவறி வந்துட்ச்சுன்னு, அவரே கையால தொவச்சு அயன் பண்ணி வச்சிருந்தாரு."

கவரைப் பிரித்து ஜப்லாவை முகத்தில் வைத்தேன். சோப்பு வாசனை. நல்ல உயர்ந்த சோப்பு. கழுத்தோரத்தில் இருந்த பால் கறை போயிருந்தது, நாடா இரண்டும் நீவி விட்ட மாதிரி நேராக இருந்தன. எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து படிந்து மங்கிப்போயிருந்த மஞ்சள்கூடப் புதுசாகத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகை வந்தது. அந்தப் புண்ணியவான் மேல் கோபப்படவும் முடியவில்லை. பெற்ற தாய்கூட இவ்வளவு பக்குவமாகத் துவைக்க மாட்டாள். அதுதானே கஷ்டம்.

"அவருக்கு நாலு கொயந்தைங்களாம்" என்றார் சின்னப்பையன் அண்ணன். "இப்டி நாலு விரல காட்னாரு. அப்பால டார்ச்ச எடுத்து நாலு தபா அடிச்சுக் காட்டிட்டு, நம்ம கரைய பாத்து கைய நீட்டுறாரு, சிரிக்கிறாரு. எனுக்கு ஒண்ணியும் பிரியல."

எனக்குப் புரிந்தது. கரையில் யாரோ மூன்று முறை வெளிச்சம் காட்டுகிறார்கள் என்று பார்த்து, தன் வீட்டுக் கணக்கை அவர் அடித்திருக்கிறார். அவர் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை எவ்வளவு பெரிசோ, அது இவரைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்ளுமோ என்னவோ.

"மாமா கோடு தாண்ட விட மாட்டார் அண்ணே" என்றேன். "நாளைக்குக் கப்பல் போயிடும்."

"லாஞ்ச் போவக் கூடாது, கரீட்டு" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "என் மச்சான் வெற்றி கீறான்ல, உங்க திருவொத்தியூர் குப்பத்துல, ஃபைபர் படகு வச்சினு. அவன் அந்தாண்டதான் வலை போடுவான். நிக்கிற கப்பல்காரன் மேலேந்து கயித்துல பக்கிட்டு வுடுவான், இவன் மீனப் போடுவான், பழைய கயிறு, பெயிண்டு டப்பா எதுனா வரும். அதுவும் தப்புதான். யாரு கேக்குறா?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மாமா கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் லைசென்ஸ் என்பார், அதை அன்றைக்குக் கேட்டிருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் பாப்பாவைக் குளிப்பாட்டாமல் அந்த ஜப்லாவையே திரும்பப் போட்டுவிட்டேன். மாடிக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஊர் பேர் தெரியாதவனுக்கு நான் எதற்கு டார்ச் அடிக்க வேண்டும்? சர்ச் மணி அடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், கால் தானாக மாடி ஏறிவிட்டது. கடலில் அந்தக் கப்பல் இருந்தது. நான் அடிக்காமலே அங்கிருந்து நாலு வெளிச்சம் வந்தது. சற்று விட்டு மறுபடியும் நாலு. காத்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன். நானும் நாலு அடித்தேன். உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், உன் சோப்பு மட்டும் நாசமாய்ப் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே அடித்தேன்.

பாப்பாவை மார்பிலேயே போட்டுக்கொண்டு படுத்தேன். நாலு மாதக் குழந்தையின் வாசனை ஒரு துணியில் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. பால் குடித்தாள், கொஞ்சம் கக்கினாள், அது கழுத்துச் சதையில் வழிந்து நாடா முடிச்சில் இறங்கியது. வேறு நாளாக இருந்தால் ஈரத் துணியை எடுத்து ஓடியிருப்பேன். இன்னும் கொஞ்சம் கக்குடி தங்கம் என்று கெஞ்சினேன்.

விடிந்தும் விடியாததுமாக அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் மாமா நிற்கிறார், சர்ச்சுக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினார்.

"அதக் கழட்டிக் குடும்மா. வெற்றி வலைக்குக் கிளம்பிருவான்."

"மாமா, லைசென்ஸ்…"

"கெடக்கு லைசென்ஸு. அவன் பிள்ளைய அவன் மோந்து பாக்க எவன்ட்ட எழுதிக் கேக்கணும்? குடு."

கழுத்து முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்தது. நகத்தால் எவ்வளவு கிள்ளியும் அவிழவில்லை. அப்படியே தலை வழியாக உருவினேன், பாப்பா வீல் என்று கத்தினாள். கவரில் போட்டு முடிந்து கொடுத்தேன். கோடு தாண்டாத தேவப்பிரியம் அண்ணாச்சி அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே கையைக் காட்டிக் காட்டி எக்ஸ்பிரஸ் ரோட்டைத் தாண்டிக் குப்பத்துப் பக்கம் போனார். போகும்போது தோள் குலுங்கியது. மகனை நினைத்து அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அபினுக்குப் போன் போட்டு வெற்றியின் படகு நிறத்தைச் சொன்னேன். பின்பக்கம் நில்லுங்கள், பக்கெட் விடுங்கள் என்றேன். அதன்பிறகு போன் எடுக்கவில்லை. காலை ஏற ஏற எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் போகவில்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அந்தக் கப்பலை இங்கிருந்து பார்க்க முடியாது என்று தெரிந்தும் கடலையே பார்த்தேன். ஆப்பைத் திறந்தேன். கோட்டுக்கு வெளியே ஒரு அம்புக்குறி வடக்கே திரும்பியிருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. காற்றும் இஞ்சின் சத்தமும் இரைந்தன.

"பெர்சி, வந்துடுச்சு. கைல இருக்கு. நங்கூரம் தூக்கியாச்சு, நகர்ந்துட்டோம். சிக்னல் போயிடும்."

"மொதல்ல மோந்து பாருங்க. வாசனை வருதா?"

கவர் சரசரக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன், இணைப்பு இருந்தது.

"மீன் வாசனைதான் வருது பெர்சி" என்றார். "பக்கெட்டுல மீனோட வந்துது. கவருக்குள்ள தண்ணி எறங்கிடுச்சு. வேற ஒண்ணும் வரல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? வருதுடி, பாப்பா வாசனை வருதுடி என்று ஒரு வார்த்தை. நாலு வெளிச்சத்துக்கு அத்தனை அழகாகப் பொய் சொன்ன வாய்க்கு இப்போது என்ன கேடு? சத்தியம் வாங்கினவள் நான்தானே என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இரு, இரு" என்றார். "கழுத்துகிட்ட நாடா முடிச்சு இருக்கு. இறுகிக் கெடக்கு. அவுக்கிறேன்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. முடிச்சோடு மல்லுக்கட்டுகிறார். பிறகு அந்த மூச்சு நின்றது.

"பெர்சி."

"சொல்லுங்க."

"புளிச்ச பால். லேசா. முடிச்சுக்குள்ள மட்டும். புளிச்ச பால், அதோட சுடச்சுட என்னமோ ஒண்ணு, எனக்குச் சொல்லத் தெரியல. இது அவளா?"

"அவதான்" என்றேன். "அவளேதான்."

அவர் அழுதார். சத்தம் விட்டு விட்டு வந்தது, பிறகு வரவில்லை. மீன் என்று முதலில் சொல்லியிருக்காவிட்டால் இதை நான் நம்பியிருக்க மாட்டேன். இப்போது நம்பினேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே குனிந்து பாப்பாவின் கழுத்து மடிப்பில் மூக்கை வைத்தேன். புளித்த பால்தான். அவள் பிறந்த இந்த நாலு மாதத்தில் முதல் தடவையாக அவளை நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைத்திருந்தோம்.